மேலண்ணத்தில் ஒட்டிய அப்பம்

பிள்ளைகளுக்கு வரவேண்டிய சீக்கு பெரியவர்களுக்கு வந்தால் லேசில் விட்டுப் போகாது. ஜேனட்டுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. எங்கள் பொழியூர்க் கரையில் அதை முண்டிநீர் என்பார்கள். முதலில் மகள் சுமிக்குத்தான் வந்தது. இரண்டு கன்னமும் உப்பிப்போய், கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு வாரத்தில் எழுந்து விளையாடப் போய்விட்டாள். அவள் எழுந்த பாயில் ஜேனட் படுத்தாள். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்தை அடைத்தது. கஞ்சித்தண்ணிகூட உள்ளே போகவில்லை. தங்கம் பட்டால் வடியும் என்று தன் சங்கிலியைக் கழற்றி மகளின் கழுத்தில் போட்டிருந்தாள். அதைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

வீக்கம் ஒருவழியாக வடிந்தது. ஆனால் எச்சில் திரும்பி வரவில்லை.

எச்சிலைப் பற்றி நாம் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. எச்சில் இலை, எச்சில் கை, எச்சில் புத்தி என்று கெட்டதற்கெல்லாம் அதன் பெயரை வைத்துவிட்டோம். அது இல்லாமல் ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும். மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்றால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். காலையில் கண் விழித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். அதை இழுத்துப் பிரித்தெடுக்க வேண்டும். ஜேனட் அதை உடம்புச் சூடு என்று நினைத்தாள். இளநீர் குடித்தாள், சீரகம் போட்டுத் தண்ணீர் குடித்தாள். குடித்த நேரம் வாய் நனையும், கொஞ்சம் கழிந்தால் பழையபடி காய்ந்துவிடும்.

வெகுநாள் கழித்து நெய்யாற்றின்கரையில் பல் டாக்டர் தேவகுமார் அவளுக்கு விளக்கிச் சொன்னார். அந்தக் கிருமி போகிற போக்கில் எச்சில் சுரக்கும் இடத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது, எப்போதாவது ஒருவருக்கு அப்படி ஆகும், பல்லைக் கழுவிக் காப்பதே எச்சில்தான், அது இல்லாத வாயில் சர்க்கரையை ஊறப்போட்டால் பல் நிற்காது என்றார். ஆனால் அது பின்னால் நடந்தது. அன்றைக்கு ஜேனட்டுக்குக் கிடைத்த வைத்தியர் மளிகைக் கடை ராஜப்பன்தான். அவர் கடையில் கண்ணாடிப் பரணியில் இருந்த நாரங்கா மிட்டாயை ஒரு நாள் வாயில் போட்டாள். புளிப்பும் இனிப்புமாகக் கொஞ்சம் ஈரம் ஊறியது. அன்று முதல் காலையிலிருந்து படுக்கும்வரை அவள் கன்னத்தில் ஒரு மிட்டாய் ஒதுங்கியிருந்தது. படுக்கும்போதும் ஒன்று.

ஒரு வருடம் அப்படிப் போனது. பல்லெல்லாம் ஈற்றை ஒட்டிக் கறுத்தது. பிறகு ஓரம் ஓரமாகப் பொடிந்தது. உமிக்கரியும் உப்பும் வைத்து இரத்தம் வரும்வரை தேய்த்தாள். இரத்தம் வந்ததே தவிரக் கறுப்பு போகவில்லை. அதன் பிறகு நாற்றம் வந்தது. நாற்றம் வந்தபோது அவள் ஒரு நாளைக்கு இன்னும் நாலு மிட்டாய் கூடுதலாகத் தின்றாள்.

அவள் மீன் விற்கப் போகிறவள். அலுமினியச் சருவத்தில் மீனை நிறைத்துத் தலையில் ஏற்றித் திருப்புறத்துக்கு நடப்பாள். அந்த நேரம் மட்டும் அவளுக்கு நிம்மதி. பக்கத்தில் மீன் இருக்கும்வரை நாற்றம் யாருடையது என்று யாரும் கேட்கப்போவதில்லை. கரைக்குத் திரும்பிக் குளித்து நல்ல சேலை கட்டினாலோ முந்தானை தானாக வாய்க்கு ஏறிவிடும். பேச்சைக் குறைத்தாள். சிரிப்பதை விட்டுவிட்டாள். கல்யாண வீட்டில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அடுக்களையில் வேலை இருப்பதுபோல எழுந்து போவாள். ஜேனட்டுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று என்று அவள் இருந்துகொண்டாள். தலைக்கனம் என்று சொல்வது அவளுக்கு எவ்வளவோ மேலாக இருந்தது.

புருஷன் ஸ்தனிஸ்லாஸ் மங்களூரில் விசைப்படகுக்குப் போகிறவன். மாதக்கணக்கில் வரமாட்டான். வந்தால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். "என்ன பிள்ளே, சொகம் இல்லியா?" என்று கேட்பான். "தலைவலியாக்கும்" என்பாள் சுவரிடம். அதற்குமேல் அவன் கேட்பதில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய் இன்னொரு தடவை குளித்துவிட்டு வந்து படுப்பான். அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அவள் யோசித்ததுண்டு.

இதையெல்லாம் சமாளித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத்தான் சமாளிக்க முடியவில்லை.

பூசையில் ஆண்டவரின் உடம்பாகப் பாதிரியார் நாக்கில் வைக்கும் அப்பம்தான் நன்மை. அதை வாங்குகிற நாளில் நடு இராத்திரி கழிந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது என்பது அவள் அம்மா சொல்லித்தந்த சட்டம். அப்பத்தில் பல் படக் கூடாது, கை படக் கூடாது என்பது அதற்கு அடுத்தது. அப்படியென்றால் காய்ந்த வாயோடுதான் போய் நாக்கை நீட்ட வேண்டும். காகிதம் போல மெல்லிசான அந்த அப்பம் மற்றவர்கள் வாயில் கரைந்து போகும். இவள் வாயில் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நாக்கால் தள்ளினால் நகராது. ஆண்டவரைக் கொண்டுபோய் இந்தச் சாக்கடையில் ஒட்டி வைத்திருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். முழங்காலில் இருந்து செபிப்பதுபோல முகத்தை மூடிக்கொண்டு, பிறகு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே இறங்கி, கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் இருக்கும் குழாயைத் திறந்து, ஒரு கை தண்ணீரை வாயில் விட்டு, விரலை விட்டு அப்பத்தைப் பெயர்த்து விழுங்குவாள். விழுங்கிவிட்டு அழுவாள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாம்தான். ஆனால் அதற்கென்று வைத்திருக்கும் மரத்தொட்டியின் சன்னலில் வாயை வைத்துத்தானே சொல்ல வேண்டும்? அந்தப் பக்கம் பாதிரியார் அச்சனின் காதும் மூக்கும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். போவதை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாயில் விரலோடு குழாயடியில் நிற்பதை ஸ்தனிஸ்லாஸின் அண்ணன் மனைவி ரோஸ்லி பார்த்துவிட்டாள்.

ரோஸ்லி பார்த்தது அவ்வளவுதான். கரையில் பரவியதோ வேறு. ஜேனட் நன்மையைத் துப்புகிறாள் என்று முதலில் வந்தது. அந்த மாதம் பார்த்து மீன் கிடைக்கவில்லை. வலை வெறுமையாக ஏறினால் எங்கள் கரையில் யாராவது ஒருத்தி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அது கடலுக்கும் தெரியும். ஜேனட் நன்மையை எடுத்து முந்தானையில் முடிகிறாள் என்று அடுத்து வந்தது. அம்பூரிப் பக்கம் யாரோ மந்திரவாதிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்பது அதற்கும் அடுத்தது. ஜேனட் அம்பூரியைக் கண்ணால் கண்டதில்லை.

இது நடந்தது தொண்ணூற்றாறில், சுமிக்கு முதல் தடவையாக நன்மை கொடுக்கும் புதுநன்மைக்கு நாள் குறித்திருந்த சமயம். எங்கள் கோயிலில் புதுநன்மைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை நடுவில் நிற்க, அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் நின்று, மூன்று பேரும் சேர்ந்து வாங்க வேண்டும். அப்பா கடலோடு போய்விட்டவராக இருந்தால் அந்த இடம் காலியாக இருக்கும், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அம்மா உயிரோடு ஊரில் இருந்துகொண்டு அந்த இடம் காலியானால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாகச் சுமி தாய் இருந்தும் இல்லாதவளாக நிற்க வேண்டிவரும். அதன் பிறகு அவளை மந்திரவாதம் செய்கிறவளுக்க மகள் என்றே சொல்வார்கள். ஜேனட் போய் நின்றாலும் நிலைமை நல்லதில்லை. ஊர் முழுக்கக் கண்ணைக் கொட்டாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு வெளியே இறங்க முடியாது.

மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் மினி டீச்சர் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணும் நம்பல்ல. அச்சனும் நம்பல்ல. நீங்க எதுக்கு வெளிய எறங்கிப் போறீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் எல்லாரு வாயையும் அடைச்சிருவேன்."

ஜேனட் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஒண்ணும் இல்ல டீச்சரே."

"ஒண்ணும் இல்லாமலா போறீங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. எனக்க வாயி நாறுது டீச்சரே. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவள் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மந்திரவாதி என்று சொன்னாலாவது கொஞ்சம் பயப்படுவார்கள். வாய் நாறுகிறவள் என்றால் சிரிப்பார்கள், அல்லது பாவம் என்பார்கள். அதைவிடப் பாவியாக இருந்துவிடலாம்.

"தலைசுத்தலாக்கும்" என்றாள். மினி டீச்சர் போய்விட்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் வெள்ளிக்கிழமை வந்து இறங்கினான். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நாலு பேர் அவனிடம் சொல்லியாயிற்று. அவன் சத்தம் போடவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "உள்ளதா பிள்ளே?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். "செரி" என்றான். அவன் நம்பினானா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அன்றும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அன்றும் அவன் எழுந்து போய்க் குளித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. பிள்ளைகளும் அப்பா அம்மாக்களும் வந்திருந்தார்கள். பூசையில் வைக்காத வெறும் மாவு அப்பங்களை ஒரு தட்டில் எடுத்துவைத்து, நாக்கை எப்படி நீட்டுவது என்று மினி டீச்சர் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"கடிக்கக் கூடாது. மெல்லக் கூடாது. சும்மா வச்சிருங்க, அது நனைஞ்சு தானே எறங்கும்" என்றாள்.

பிள்ளைகள் வாயில் அது நனைந்து தானே இறங்கியது. ஜேனட் தூணோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சர் ஒவ்வொரு குடும்பமாக முன்னால் கூப்பிட்டு நிறுத்தினாள். சுமியின் முறை வந்தது. ஸ்தனிஸ்லாஸ் வலப்பக்கம் போய் நின்றான். ஜேனட்டும் போய் நின்றாள்.

தன் மகனோடு வரிசையில் நின்ற ரோஸ்லி, யாரிடமும் சொல்லாததுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"இவளும் நாளைக்கு நிக்கப் போறாளா டீச்சரே? வாங்குனத எங்க கொண்டு போறான்னு முன்ன கேட்டுட்டு நிறுத்துங்க."

"மைனி" என்றான் ஸ்தனிஸ்லாஸ். அவன் காது மடல் சிவந்துவிட்டது. தரையைப் பார்த்தான்.

சுமி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு நன்மை வேண்டாம் டீச்சர். அடுத்த வருசம் வாங்குதேன்."

எட்டு வயதுப் பிள்ளை அதை அழாமல் சொன்னாள். கடையில் விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஜேனட்டுக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் முந்தானையை விட்டாள்.

"டீச்சரே, இது வெறும் மாவுதானே? பாவம் ஒண்ணும் இல்லியே?"

"மாவுதான் அக்கா."

"அப்ப எனக்கும் ஒண்ணு தாங்க."

மினி டீச்சர் தயங்கி ஒன்றை எடுத்து அவள் நாக்கில் வைத்தாள். வைக்கும்போது டீச்சரின் முகம் ஒரு கணம் மாறியது. மாறியதை மறைக்கவும் பார்த்தாள். ஜேனட் அதைக் கண்டாள். வாயை மூடிக்கொண்டு நின்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இறங்குகிற நேரத்தைவிட நாலு மடங்கு நேரம் நின்றாள். பிறகு குழல் விளக்குக்கு நேராகப் போய், முகத்தை அண்ணாந்து, வாயை முழுசாகத் திறந்தாள்.

அப்பம் மேலண்ணத்தில் ஒட்டுக்காகிதம் போல அப்படியே ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிக் கறுத்த பல் குற்றிகள். முன்பல் இரண்டு பாதிதான் இருந்தன. கடைவாயில் பல் இருந்த இடத்தில் குழி இருந்தது. பிறகு நாற்றம் வந்தது. முன்னால் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். ரோஸ்லியின் கை தானாகவே மூக்குக்குப் போனது. போன கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அங்கேயே வைத்திருந்தாள்.

ஜேனட் விரலை விட்டு அப்பத்தைப் பெயர்த்துக் கையில் எடுத்துக் காட்டினாள்.

"இதாக்கும் நான் குழாய்க்கிட்ட செய்யுதது. எனக்க வாயில எச்சி இல்ல. முண்டிநீர் வந்து மாறுனதுல இருந்து இல்ல. பல்லும் போச்சு. நாறுது. அதனாலதான் ஒருத்தருக்கிட்டயும் சொல்லல்ல."

பலிபீடத்துப் பக்கம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த அச்சன் இறங்கி வந்தார். சங்கனாச்சேரிப் பக்கத்துக்காரர், வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவருக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"மோளே, வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் தண்ணி குடிச்சா போதுமல்லோ? எதுக்குக் குடிக்கல்ல?"

"நோம்பு முறியாதா அச்சா?"

"தண்ணி குடிச்சா நோம்பு முறியாது. நான் செமினாரிக்குப் போறதுக்கு முன்னாடியே மாறின சட்டமாக்கும் அது. உங்களுக்கு யாரும் சொல்லல்லியா?"

யாரும் சொல்லவில்லை. அதற்காக ஜேனட்டை மட்டும் குறைசொல்ல முடியாது. அங்கே நின்ற அம்மாமாரில் பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப குடிக்கலாமா?" என்று மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு முதலில் கேட்டவள் ரோஸ்லிதான். ஜேனட்டுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் தீர்ந்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஊர் முன்னால் வாயைத் திறந்து காட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது, காட்டியதைவிட அது பெரிய வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது சுமி மற்றப் பிள்ளைகளோடு முன்னால் ஓடிவிட்டாள். மணல் வழியில் ஸ்தனிஸ்லாஸும் அவளும் மட்டும் நடந்தார்கள். அவள் பழையபடி முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

"நான் எனக்க மேலுல உள்ள மீன் நாத்தம்னு நெனச்சேன்" என்றான் அவன். "உனக்கு அது ஆகாம போச்சுன்னு நெனச்சேன். எத்தற தேச்சாலும் போகாது பாத்தியா. அந்த வெக்கத்துல நான் ஒண்ணும் கேக்கல்ல."

அவள் நடையை நிறுத்திவிட்டாள். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் அவளுக்கு நினைவு வந்தது. நாறுகிறவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ள, அவன் போய்த் தன்னைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறான்.

"திங்களாழ்ச்ச நெய்யாத்தங்கரைக்குப் போவோம்" என்றான் அவன். "பல் டாக்டரு உண்டு அங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குள் ஏறுவதற்கு முன் ஜேனட் தண்ணீர் குடித்தாள். எல்லோரும் பார்க்கக் குடித்தாள். சுமியின் இடப்பக்கம் நின்று நாக்கை நீட்டினாள். அப்பம் கொஞ்சம் ஒட்டப் பார்த்துவிட்டு இறங்கியது. நடுவில் சுமி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். பூமுடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. பின்னால் யாரும் எதுவும் முணுமுணுக்கவில்லை.

பூசை முடிந்ததும் பிள்ளைகள் பலிபீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க, அப்பாவும் அம்மாவும் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுக்க வேண்டும். படம் எடுப்பவன் பாறசாலையிலிருந்து வந்திருந்தான். ஸ்தனிஸ்லாஸ் கொடுத்துவிட்டு நகர்ந்தான். ஜேனட் குனிந்தாள். ஊரில் எல்லோரிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் இந்தப் பிள்ளையிடமிருந்து மட்டும் திருப்பிக்கொண்டதில்லை. தினமும் படுக்கையில் முத்தம் கொடுத்துத்தான் தூங்கவைப்பாள். பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது என்ற தைரியம் அவளுக்கு.

"கொஞ்சம் நில்லும்மா" என்றாள் சுமி மெதுவாக. "மூச்சப் பிடிச்சிக்கிடுதேன்."

ஜேனட் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"இது யாரு சொல்லித் தந்தா மக்கா?"

"யாரும் சொல்லித் தரல்ல. எப்பவும் பிடிப்பேனே. நேத்து டீச்சருக்குத் தெரியாம போச்சு, பாவம்."

சொல்லிவிட்டுச் சுமி கடலில் முங்கப்போகிறவள்போல மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு, இனி கொடுக்கலாம் என்று தலையாட்டினாள். நேற்று ஊர் முழுக்கப் பார்க்க வாயைத் திறந்து நின்றபோதுகூட ஜேனட்டுக்கு இப்படிக் கூசவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள். ஆனால் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள், முகம் சிவந்துகொண்டு வருகிறது, வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஜேனட் அவசரமாகச் சிலுவை போட்டு முத்தம் கொடுத்தாள்.